இருபத்துநாலாம் புத்தகம்

11.11.91 திங்கள்

காலையிலிருந்தே தூறல். மில்லுக்கு சைக்கிள் எடுக்கலை, பஸ்தான். டைம் ஆபீஸில் நாள் பூரா கார்டு எழுதினேன். கை பாட்டுக்கு எழுதுது, நான் வேற எங்கேயோ.

வாங்கணும்: கொசுவத்தி. சரசுவுக்குத் தைலம். குடைக்குக் கம்பி.

யூசுப் போய் இன்னையோட பதினெட்டு நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவுக அத்தா கடை, பாத்திரக்கடை. வியாழக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டவன் அப்படியே உக்காந்துட்டானாம். அம்புட்டுத்தான். முப்பத்தாறு வயசு. எனக்கும் அதே. பத்தாப்புல ஒரே பெஞ்ச்.

அழுகை வரலை. அன்னைக்கும் வரலை, இன்னைக்கும் வரலை. தீபாவளி வந்ததும் தெரியலை, போனதும் தெரியலை. சரசு என்னைய ஒரு மாதிரியா பாக்கா. "எம்புட்டு நாளைக்கு இப்படிச் சுவத்தையே பாத்துட்டு இருப்பீக"ன்னா.

ஒண்ணே ஒண்ணுதான் மண்டையக் குடையுது. 24ஐ அவன் படிச்சானா, இல்லையா.

12.11.91 செவ்வாய்

மழை விட்டாச்சு. கொசுவத்தி மறந்தாச்சு.

இந்த வருசம் முடிஞ்ச சித்திரத் தொடர் மூணு. எப்பவும் ஆளுக்கொரு தாளில் மார்க் போட்டு வச்சு ஞாயித்துக்கிழமை ஒப்பிட்டுப் பாப்போம். இந்தத் தடவை என் தாள் மட்டும்.

எட்டாவது மாலுமி, 10 புத்தகம். படம் அருமை. கப்பல் கயிறு ஒவ்வொண்ணையும் இழை இழையா வரைஞ்சிருக்கான் மனுசன். கதைதான் நொண்டுது. கொலைகாரன் யாருன்னு எனக்கே ஆறாவதுல தெரிஞ்சிபோச்சு. யூசுப் நாலாவதுலயே சொல்லிட்டான். 55.

மணிக்கூண்டு மர்மம், 6 பு. தமிழாக்கம் கொடுமை. பாலைவனத்துல கத்திய ஓங்கிட்டு வாரவன் "அன்பரே, நில்லும்"ங்கான். எந்த ஊர்லய்யா இப்படிக் குத்துவாங்க. யூசுப் ஒரு மாசம் கடைக்கு வாரவுகளையெல்லாம் அன்பரேன்னு கூப்பிட்டு அத்தாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான். அட்டைப்படம் மட்டும் ஜோர். 40.

சாம்பல் தீவு, 24 பு. இதுக்கு இப்ப முடியாது. பொறவு.

13.11.91 புதன்

நைட் ஷிப்ட் ஆள் ரெண்டு பேர் வரலை, சூப்பர்வைசர் என்கிட்ட எரிஞ்சு விழுந்தார். விழட்டும். உறைக்கலை.

எழுதிப்புடுறேன். யாரு பாக்கப் போறா.

சந்தா ரெண்டு பேரும் பாதிப் பாதி. தொடருக்கு மாசம் ரெண்டு புத்தகம், என் வீட்டு விலாசத்துக்கு வரும். நான் படிச்சிட்டு காலை எட்டே கால் பஸ் கண்டக்டர் கையில குடுத்தா ஒன்பது மணிக்கு யூசுப் கடையில. அவன் படிச்ச பொறவு ஒத்தப்படை நம்பர் என் வீட்டுக்குத் திரும்பும், ரெட்டைப்படை அவன்கிட்ட தங்கும். பத்து வருசமா இப்படித்தான். எந்தத் தொடரும் எவன் வீட்டுலயும் முழுசா கிடையாது. சரசு இதைக் கேட்டுட்டு, "ரெண்டு கிறுக்கு"ன்னா.

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. தொடரோட கடைசிப் புத்தகத்தை நான் பிரிக்கக் கூடாது. வந்த பொட்டலமாவே அனுப்பணும். ஞாயித்துக்கிழமை நான் போவேன், ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பிரிப்போம். பத்து வருசத்துல ஒரு தடவைகூட மீறினதில்லை.

சாம்பல் தீவு 24ஐ மீறிட்டேன். வந்த அன்னைக்கே பிரிச்சுப் படிச்சேன். காணாமப்போன தம்பியத் தேடி அண்ணன்காரன் இருபத்துமூணு புத்தகம் தீவு தீவா அலையுதான். கடைசியில பாத்தா தம்பி சொந்த ஊர்லயே இருக்கான், எங்கயும் போகவே இல்லை. சீ, ஒரு வருசம் போச்சேன்னு ஆயிருச்சு. மறுபடி பொட்டலம் கட்டி ஒண்ணும் தெரியாதவன் கணக்கா கண்டக்டர்கிட்ட குடுத்தேன்.

அந்த ஞாயிறு போகலை. முடிவு தெரிஞ்சுபோச்சு, இதுக்குப் போயி பஸ் ஏறணுமான்னு ஒரு சோம்பல். வயித்துவலின்னு சொல்லியனுப்பிட்டு மத்தியானம் நல்லா தூங்கினேன். வியாழக்கிழமை அவன் இல்லை.

அவன் கட்டுப்பாட்டை மீறாதவன். எனக்காகப் பிரிக்காமலேயே வச்சிருந்தான்னா? முடிவு தெரியாமலே போயிட்டான்னா? அவனும் திருட்டுத்தனமா படிச்சிருக்கணும் சாமி. படிச்சிருக்கணும். இதைத் தவிர எதுவும் தோணலை.

சாம்பல் தீவு: 35.

15.11.91 வெள்ளி

வெயில். கொசுவத்தி வாங்கியாச்சு. தைலம் கடையில இல்லை.

கண்டக்டர் பஸ்ஸில் பிடிச்சுக்கிட்டார். "அண்ணாச்சி, பாத்திரக்கடை பாய் உங்களைத் தேடுதாக. புத்தகக் கட்டு ஒண்ணு கிடக்காம். அமானிதமாம், நம்பிக் குடுத்த பொருளாம், உங்ககிட்ட சேத்துப்புடணும்ங்காக."

மையவாடியில அன்னைக்கே கேட்டாக. அடக்கம் முடிஞ்சதும் அத்தா எல்லார் முன்னாடியும் நின்னு, என் மகன்கிட்ட யாரோட பொருளாவது தங்கியிருந்தா என்கிட்ட கேளுங்கன்னார். நானும் நின்னேன். படக்கதைப் புத்தகம் இருக்குன்னு அந்த இடத்துல எந்த வாயால சொல்ல. பேசாம வந்துட்டேன்.

போகணுமா? போனா தெரிஞ்சுபோகும். பொட்டலம் பிரிக்காம கிடந்தா என்ன செய்வேன்னு தெரியலை. போகாட்டியும் இருக்க முடியலை. சோறு இறங்கலைன்னு சரசு தட்டை எடுத்துட்டுப் போயிட்டா.

17.11.91 ஞாயிறு

10.10 பஸ். கூட்டம். நின்னுக்கிட்டே போனேன். கட்டைப் பை ஒண்ணு கையில.

கடையில அத்தா மட்டும். மெலிஞ்சிட்டார். குடம், அண்டா எல்லாம் பழைய இடத்துலயே. யூசுப் உக்காருற ஸ்டூலை எனக்குப் போட்டார். உக்காரலை, நின்னேன். டீ சொன்னார். மழை எப்படி, மில்லு எப்படின்னு கேட்டார். பொறவு கல்லாவுக்குக் கீழருந்து கட்டை எடுத்தார். சாம்பல் தீவு ரெட்டைப்படை பூரா வரிசையா அடுக்கி, பாத்திரம் கட்டுற சணல்ல கட்டியிருந்தது. மேலாப்புல 24.

பொட்டலம் இல்லை. பிரிச்ச புத்தகம்.

படிச்சிட்டானா அத்தான்னு கேட்டேன்.

படிச்சான்னார். அந்த ஞாயிறு மத்தியானம் எனக்கும் சேத்து நெய்ச்சோறு ஆக்கச் சொன்னானாம். ரெண்டு மணிக்குத்தான் வயித்துவலின்னு ஆள் வந்து சொல்லியிருக்கு. சாயங்காலம் வரைக்கும் பொட்டலத்தைக் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தானாம். பொறவு சிரிச்சானாம். என்னலே சிரிக்கன்னு அத்தா கேட்டதுக்கு, ஒரே வரியில பதில் சொன்னானாம்.

"அவன் படிச்சிட்டான் அத்தா. படிக்காம இருந்தா, செத்தாலும் வராம இருக்கமாட்டான்."

சொல்லிட்டு அத்தா டீ கிளாஸை நகத்தி வச்சார்.

கோவிச்சானா அத்தான்னு கேட்டேன். சே சேன்னார். அடுத்த வாரம் நான் வரும்போது அவனும் படிக்காதவன் மாதிரியே இருக்கணும்னு சொல்லியிருக்கான். முடிவு வந்ததும் வாயப் பொளந்து "அடப்பாவி"ன்னு சொல்லணும்னு அத்தாகிட்ட சொல்லிக் காட்டினானாம், ரெண்டு தடவை. கதை எப்படின்னு கேட்டதுக்கு நல்லாருக்குன்னுதான் சொன்னானாம். கடைசித் தாளைத் திருப்பினேன். ஓரத்துல பென்சில்ல 90.

தொண்ணூறு. இந்தக் கதைக்குப் போயி. நான் போட்டது முப்பத்தஞ்சு. நியாயமா சாயங்காலம் வரைக்கும் இழுத்திருக்கும் சண்டை.

அப்பத்தான் வந்துச்சு. அண்டா அடுக்கின மூலையில திரும்பி நின்னுக்கிட்டு அழுதேன். வெக்கம் மானம் இல்லாம சத்தமா. குடம் வாங்க ரெண்டு பொம்பளையாள் வந்து நின்னுச்சு. அத்தா விலை சொல்லி, தட்டிக் காமிச்சு, வியாபாரத்தைப் பாத்தார். என்னைய ஒண்ணும் கேக்கலை.

கட்டை எடுத்துட்டு வரலை. இங்கேயே இருக்கட்டும் அத்தா, அடுத்த ஞாயிறு வாரேன்னேன். மத்தியானத்துக்கு முன்னாடி வந்திரணும்னார்.