விரல் கண்ட பள்ளம்

செவ்வாய், ஆடிக் கடைசி, 2003

யூசுப் பாயின் காரை இன்று முடித்துக் கொடுத்தேன். முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல்லால் முன்கண்ணாடியில் மிளகு அளவு பள்ளம், சுற்றிலும் நட்சத்திரம் போல விரிசல். விரிசலுக்குள் பிசின் ஏற்றும் புதுக் கருவி வாங்கி நான் செய்யும் முதல் வேலை. விரிசல் கண்ணாடி முழுக்க ஓடிவிட்டால் அப்புறம் ஆம்பூரில் எவன் என் கடைக்கு வருவான்?

பிசின் உள்ளே இறங்கியதும் நட்சத்திரம் மறைந்துவிட்டது. பள்ளத்தில் ஒரு சொட்டு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, வெயிலில் இறுகவிட்டேன். பிளேடால் சுரண்டி மட்டமாக்கிப் பாலிஷ் போட்டேன். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தெரியவில்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை.

பாய் டேனரியில் தோலைத் தடவித் தரம் பிரிப்பவர். கண்ணாடியை அவர் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் மெதுவாக வருடினார். விரல் நின்றது.

"இங்க கொஞ்சம் கம்மியா இருக்கு, சாலமன்."

"இன்னா பாய், ஒண்ணுமே தெரியலையே!"

"பாத்தா எனக்குந்தான் தெரியாது. தடவிப் பாரு."

தடவினேன். எனக்கு வழவழப்புதான். அந்த இடத்தில் பிளேடை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பார்த்தேன். விளிம்புக்கு அடியில் முடி அளவு வெளிச்சம்! இன்னொரு சொட்டு வைத்து, இறுகவிட்டுத் தேய்த்தேன். இந்த முறை அவர் விரல் எங்கும் நிற்கவில்லை.

படுக்கப் போகுமுன் கண்ணை மூடி இந்த டைரித் தாளைத் தடவினேன். நேற்று அழுத்தி எழுதியதெல்லாம் இன்றைய பக்கத்தில் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. இத்தனை வருஷமாக அதன் மேலேயேதான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.