ஜாடியில் இருபத்தொரு நாள்

21-8-91, புதன்

விடியும்போதே புழுக்கம். மழை வரும்போல் இருட்டிவிட்டுப் போய்விட்டது. குழாயில் ஆறு குடம் மட்டும்.

திராட்சை ரச ஜாடிக்கு இன்று 17ஆம் நாள். மரக்கரண்டியால் கிண்டி, வேறு துணி கட்டினேன். நிறம் நன்று. 1ஆம் தேதி திருவிருந்துக்குச் சரியாக இருக்கும்.

மகள் ஷீலாவுக்குக் கடிதம் போட வேண்டும். விடுதியில் கொசுவாம்.

மாலை சேவியர் அண்ணன் சைக்கிளில் வந்தார். இவரோடு ரயில்வே ஷெட்டில் வேலை. சனிக்கிழமை அவருக்கு ஐம்பது வயசு முடிகிறது. "செம்பாக்கம் வந்துடணும் தங்கச்சி. மேரியோட அண்ணன் லூயி பாரிஸ்லேருந்து வந்திருக்காரு. நாலு பாட்டில் பிரெஞ்சு ஒயின். எப்படிக் குடிக்கணும்னு எங்களுக்குப் பாடம் எடுக்கப் போறாராம்!"

என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "மச்சானுக்குக் கலர் சோடா தனியா வாங்கி வெச்சுடறேன்மா. சத்தியமா."

அவர் போன பிறகு, போகத்தான் வேண்டுமா என்று கேட்டேன். "பதினெட்டு வருஷம் ஒரே ஷெட்டுல நிக்கிறோம். போகலைன்னா அவன் என்ன நினைப்பான்?" என்றார். சரிதான். நானும் கூடவே போவேன். கண் எடுக்க மாட்டேன்.

இவர் குடியை விட்டு ஆறரை வருஷம். அதற்கு முந்திய எட்டு வருஷத்தை எந்த நோட்டிலும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். விட்டதற்கு நன்றியாகத்தான் பொருத்தனை செய்தேன்: ஆலயத்துத் திருவிருந்துக்கு ரசம் என் கையால், உயிர் உள்ளவரை.

ஆண்டவரே, சனிக்கிழமையைக் கடத்திவிடும்.

25-8-91, ஞாயிறு, மதியம்

ஜாடியை இன்று வடிக்க வேண்டும். 21ஆம் நாள். வடிக்கவில்லை.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால்தான் புத்தி நிலைக்கு வரும்.

சேவியர் அண்ணன் வீட்டு மொட்டைமாடி. ஏரிக் காற்று. இருந்தவர்கள்: அண்ணன், மேரி அக்கா, லூயி அண்ணன், கீழ்வீட்டு சாமுவேல் சார் (பள்ளிக்கூட வாத்தியார்), இவர், நான். கேக், மட்டன் சாப்ஸ், பிரியாணி. சாப்ஸில் மிளகு தூக்கல்.

லூயி அண்ணன் பாண்டிச்சேரிக்காரர். பாரிஸில் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை, இருபது வருஷமாக. நல்ல மனிதர். ஜெபம் செய்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறந்தார். மேரி அக்கா எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கினாள்.

"ஐயோ, அதுல ஊத்தாதே மேரி! நிறம் எப்படித் தெரியும்? மொதல்ல கண்ணு, அப்புறம் மூக்கு, அப்புறந்தான் வாய்."

"வாய் வர்றதுக்குள்ள எனக்கு அம்பத்தொண்ணு ஆயிடும்" என்றார் சேவியர் அண்ணன்.

பிறகு லூயி அண்ணன் ஒரு பிளாஸ்டிக் வாளி கேட்டார். அங்கே ருசி பார்க்கிறவர்கள் வாயில் வைத்திருந்துவிட்டு வாளியில் துப்பிவிடுவார்களாம். சாமுவேல் சார் எழுந்தே விட்டார். "கப்பல் தாண்டி வந்ததைத் துப்புறதா? எங்க பி.டி. மாஸ்டர் பாத்தா அழுதுடுவான்!"

"நம்ம ஆளுங்களும் துப்புவாங்க மச்சான். குடிச்சு முடிச்சுட்டு, அடுத்தவன் வாசல்ல." சேவியர் அண்ணன்தான். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எங்கள் வாசலில் எத்தனை காலை நான் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாட்டில்கள்:
1. வெள்ளை. பெயருக்குத்தான். வெந்தயம் ஊறிய தண்ணீர் நிறம்.
2. ரோஜா நிறம். மேரி அக்காவுக்குப் பிடித்தது.
3. சிவப்பு. போர்தோ என்றார். நான் தாள் மேல் இருந்த ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தேன், வேறு மாதிரி வந்தது. எழுத்து ஒன்று, சத்தம் ஒன்று.
4. இதுவும் சிவப்பு. பழையது. கடைசிக்கு.

இவர் கலர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மூன்றாவது திறந்ததும் எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போய் ஏரியைப் பார்த்து நின்றார்.

மேரி அக்கா ஒரு கிளாஸை என் கையில் திணித்தாள். "ஒரு வாய் கிருபா. மாசாமாசம் உங்க கோயில்ல குடிக்கிறதுதானே?"

"அது ரசம்க்கா. இது வேற."

இவர் திரும்பினார். "குடியேன் கிருபா. ஒரு வாய்தானே" என்றார். இவரா சொல்வது! என்னைப் பழக்கிவிட்டுத் தானும் தொடப் பார்க்கிறாரோ? எல்லோரும் பார்க்கிறார்கள். குடித்தேன்.

முதலில் புளிப்பு. நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு. விழுங்கியதும் தொண்டையில் ஒரு சூடு இறங்கி, அப்படியே மூக்குக்கு ஏறியது. சர்க்கரையும் கிராம்பும் இல்லை. மற்றதெல்லாம் என் ஜாடி.

அந்தச் சூடு எனக்குத் தெரியும். வடிக்கும்போது நக்கிப் பார்ப்பேனே. கிராம்புக் காரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இதுல ஈஸ்ட் எவ்வளவுண்ணா போடுவாங்க?" என்று கேட்டேன்.

லூயி அண்ணன் சிரித்தார். "யாரும் போட மாட்டாங்கம்மா. லீவு விட்டா நானே தோட்டத்துல திராட்சை பறிக்கப் போவேன். தோல் மேல வெள்ளையா மாவு பூத்தாப்ல இருக்கும் பாருங்க, அதுலயே ஒட்டிக்கிட்டிருக்கு ஈஸ்ட்டு. கழுவாம நசுக்கி வெச்சாப் போதும், தானா பொங்கும். சர்க்கரை அத்தனையும் சாராயமா மாறிடும்."

"எத்தனை நாள்ல?"

"ஒரு வாரமே தாராளம்."

பிறகு கிளம்பினோம். கேம்ப் ரோடு தாண்டியதும் இவர் கேட்டார், "எப்படி இருந்துச்சு?" கசப்பு என்றேன். "அவ்வளவுதானா?" என்றார்.

26-8-91, திங்கள்

துணி ஊறப்போட்டேன், அலசவில்லை. சாம்பாரில் இரண்டு முறை உப்பு.

இவர் வேலைக்குப் போனதும் ரச நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நாள் கணக்காக எழுதியிருக்கிறேன். பன்னீர் திராட்சை 3 கிலோ, சர்க்கரை 1½, கிராம்பு 6, பட்டை விரல் நீளம். "கழுவக்கூடாது, துணியால் துடைக்கவும்." முன்பு ஆலயத்துக்கு ரசம் செய்த டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தது. அவர் ஈஸ்ட்டும் கோதுமையும் போடுவார். நான் இரண்டையும் நிறுத்தினேன். ஈஸ்ட் போட்டால்தான் மது, போடாவிட்டால் சாறு என்று நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு படித்துவிட்டு எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம்.

முதல் பக்கம், என் கையெழுத்து: "4ஆம் நாள். தானாகவே பொங்குகிறது. ஸ்தோத்திரம்."

பக்கத்துக்குப் பக்கம் அதே. பொங்கினது, ஸ்தோத்திரம்.

ஆசீர்வாதம் என்று நினைத்தேன் ஆண்டவரே.

மாதம் ஒருமுறை, குடியை விட்ட மனுஷன் முழங்கால் போட்டு வாயைத் திறக்க, பொருத்தனை செய்த பெண்சாதி உள்ளே ஊற்றியிருக்கிறாள்.

இன்னொன்றும் இன்றுதான் உறைத்தது. திருவிருந்து ஞாயிறுகளில் இவர் நேரே வீட்டுக்கு வரமாட்டார். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலம் வரை தனியாக நடந்துவிட்டு ஒரு மணிக்குத்தான் வருவார். தனி ஜெபம் என்று நினைத்து நான் கேட்டதில்லை. நிஜமாக எங்கே போனார்?

27-8-91, செவ்வாய்

ஷெட்டிலிருந்து ஒரு மணி நேரம் தாமதம். டிபன் கேரியரை வாங்குகிற மாதிரி கிட்டே போய்ச் சட்டையை மோந்தேன். கிரீஸ் வாடைதான்.

"ஏன் மோந்து பாக்கிறே?"

"வேர்வை. துவைக்கப் போடணும்."

கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றாமலே நின்றார். ஆறரை வருஷத்துக்குப் பிறகு மோந்து பார்த்துவிட்டேன். அது அவருக்கும் தெரியும்.

28-8-91, புதன்

தூறல். போதகர் ஐயாவைப் பார்க்கப் போனேன். எல்லாம் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். கோபப்படுவார் என்று பயந்தேன்.

"எத்தனையோ சபையில நிஜ ஒயினே வைக்கிறாங்கம்மா. இதை நான் பாவம்னு சொல்ல மாட்டேன்."

"சபைக்கு சரிங்கய்யா. அவருக்கு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "கிண்ணத்தைப் பிடிக்கிறவன் நான். உங்க வீட்டுக்காரர் அங்க என்ன செய்யறாருங்கிறதை நான் வெளியே சொல்லக்கூடாது. நீங்களே கேளுங்க."

அப்படியென்றால் ஏதோ செய்கிறார். எல்லோரையும்விடப் பெரிய வாயாகக் குடிக்கிறாரா? ஐயா கையிலிருந்து கிண்ணத்தை இழுக்கிறாரா? குடையை அங்கேயே வைத்துவிட்டு நனைந்துகொண்டு வந்தேன்.

கேட்டால், "அப்போ நான் விடவே இல்லையா? இத்தனை வருஷம் குடிச்சுட்டுத்தான் இருந்தேனா?" என்று மறுபடி போய்விட்டால்? கேட்காமல் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை?

30-8-91, வெள்ளி

நேற்று முழுக்கத் தலைவலி. எழுதவில்லை.

இன்று உபவாசம். காலை இவர் போனதும் ஜாடியைத் தூக்கிக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தேன். மண் சிவப்பாகி நுரைத்தது. மீன்காரம்மா பின்வாசலில் வந்து நின்று மூக்கைச் சுளித்தாள். "இன்னாக்கா, தோட்டத்துல சாராய வாசன அட்ச்சிகினு கீது! அண்ணன் மறுபடி ஆரம்ப்ச்சுட்டாரா?"

அவளுக்குக்கூடப் பழைய கதை மறக்கவில்லை. மீன் வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன்.

நான்கு வாளி தண்ணீர் விட்டேன். வாடை போகவில்லை.

மாலை இவர் கால் கழுவப் பின்பக்கம் போனார். திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஜாடியைக் கொட்டிட்டியா?"

"அது ரசம் இல்லைங்க. ஒயின். எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாதுங்க." அழுகையில் பாதி வார்த்தைதான் வந்திருக்கும்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்போதிருந்து?"

"மொதல் மாசமே. கிண்ணம் மூக்குக்கிட்ட வந்தா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் குடிச்சீங்களா?"

"எங்கே குடிச்சேன்? உதட்டை மூடிக்குவேன். ஐயா லேசா சாய்ச்சு எடுத்துடுவார். உதட்டுல பட்டதைத் துடைச்சுட்டு நடந்துட்டு வருவேன். மேம்பாலம் போய் வந்தா அந்த வாசனை தலையிலேருந்து இறங்கிடும்."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நான் விட்டதுக்காக நீ செஞ்ச பொருத்தனை. பாட்டிலைத் துணியில சுத்தி, பச்சைப்பிள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரி போவே. அதுலதான் சாராயம் இருக்குன்னு நான் எப்படிச் சொல்ல? நீயா தெரிஞ்சுக்கட்டும்னுதான் அன்னிக்கு சேவியர் வீட்ல குடியேன்னு சொன்னேன்."

கொஞ்சம் கழித்து, "சட்டையை மோந்து பாத்தியே, அதுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். சரி என்றார். சரி என்று சொன்னால் சரியாகிவிடுமா, தெரியவில்லை.

ஆறரை வருஷம். அந்த மேசைக்கு எல்லோரும் வந்து பசியாறிப் போனார்கள். இவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார். மூடவைத்தது நான்.

31-8-91, சனி

தாம்பரம் மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை 2 கிலோ. மூன்று தண்ணீரில் கழுவினேன். வெள்ளைப் பூச்சு போகும்வரை ஒவ்வொரு பழமாகத் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிற்று.

அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டு, மசித்து, வடித்து, சர்க்கரை கால் கிலோ. ஆறியதும் பாட்டில். ஒரு நாளும் ஊறவில்லை.

போதகர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். குடையை எடுத்துக் கொடுத்தார்.

கழுவிய ஜாடியை வெயிலில் கவிழ்த்தேன். இனி ஊறுகாய்க்கு.

இவரிடம், "கொதிக்க வெச்சது. காலையில வடிச்சேன்" என்றேன். பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், லூயி அண்ணன் பார்த்த மாதிரியே. மோந்து பார்க்கவில்லை. அதற்காகவும் நான் அழுதேன்.

1-9-91, ஞாயிறு

நல்ல வெயில். ஆராதனைக்குக் கால் மணி முன்பே போய்விட்டோம். பாட்டிலை இவர்தான் தூக்கி வந்தார்.

பாட்டு, பிரசங்கம் எதுவும் காதில் விழவில்லை. திருவிருந்துக்கு அடுத்தடுத்து முழங்கால் போட்டோம். எனக்கு முதலில். வெறும் பழ வாசனை, சூடு இல்லை. ஐயா இவரிடம் நகர்ந்தார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன். மூடவில்லை.

கிண்ணம் இவர் உதட்டில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

இருக்கைக்குத் திரும்பிக் குனிந்து ஜெபம் செய்கிற மாதிரி என் பக்கம் சாய்ந்தார்.

"சர்க்கரை கம்மி."

அடுத்த மாதம் 2 கிலோவுக்கு அரை கிலோ.