கோகிலாவில் நின்றுபோன டெப்

ஒக். 13, திங்கள்

விடியலிலிருந்து மழை. பதுளை பஸ் நிலையத்தில் செருப்பு அறுந்தது. ஊக்கு குத்திக்கொண்டு ஆபீஸ்.

பதினொரு மணிக்கு ஒரு அழைப்பு. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மிட்வைப் (மருத்துவச்சி), சாந்தி மிஸ். பிறக்கும் குழந்தைகளைப் பதிய அவருக்கு ஒரு டெப், கையடக்கக் கணினி, கொடுத்திருக்கிறோம். அதில் இருப்பது எங்கள் கம்பனி செய்த பிரவுசர்.

"புள்ள பேர அடிச்ச ஒடனே சுத்த ஆரம்பிக்குதுங்க மிஸ். அணைச்சு அணைச்சுப் போட்டாச்சு. தாய்க்காரி கைப்புள்ளையோட நின்னுக்கிட்டே இருக்கா."

"என்ன பேருங்க?"

"கோகிலா."

எங்கள் மேலாளர் திலக் சேரிடம் சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிங்களத்தில் பதில்: "தோட்டத்து ஆட்களுக்கு டெப் பாவிக்கத் தெரியாது. பழக்கிக் கொடுங்க."

நானும் தோட்டத்து வரிசைவீட்டு லயத்தில் பிறந்தவள்தான். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்.

ஒக். 14, செவ்வாய்

தலைவலி. மூன்று பிளேன்டீ.

அதே மாதிரி டெப் ஒன்றில் பாஸ்மினாவோடு பெயர்களாக அடித்துப் பார்த்தது. (அவள் டெஸ்டிங். பஸார் துணிக்கடைக்காரர் மகள்.)

வசந்தி – சரி
முருகையா – சரி
யோகராணி – நின்றது
மனோகரன் – நின்றது

"'ஓ' வார பேரெல்லாம் நிக்குது பாருங்க" என்றாள்.

ஓடிக்கொண்டிருந்ததை இடையில் நிறுத்திப் பார்த்தேன். அதே நான்கு வரிகள், திரும்பத் திரும்ப. முடிவில்லாத லூப். டெப்பின் கீபோர்ட் 'கோ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்புகிறது. வலைப்பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட் பெயரைக் கேட்டதும் பிரவுசர் இரண்டையும் சேர்க்கிறது. சரிபார்க்க ஓரடி பின்னால் போகிறது. ஆனால் சேர்த்ததை எழுதி வைப்பதில்லை. மறுபடி இரண்டாகத் தெரிகிறது, மறுபடி சேர்க்கிறது, மறுபடி பின்னால்.

எந்த மடையன் எழுதினானோ. திலக் சேராக இருந்தால் நல்லது.

ஒக். 15, புதன்

பிரவுசர் நிரலின் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன், அந்த நான்கு வரிகளை எழுதியது யாரென்று.

நான்.

இரண்டு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த மாதம். "நீங்கதானே தமிழ், தமிழ நீங்களே பாருங்க" என்று தந்த வேலை. என் லெப்டொப்பில் என் பெயரை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு 'சரி' என்று அனுப்பியிருக்கிறேன். அந்த கீபோர்ட் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பும். என் பெயரில் ஓகாரமும் இல்லை. லயத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி பெயர் யோகேஸ்வரி. அவள் பெயரை அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மத்தியானத்துக்குள் திருத்தி எழுதினேன்.

திருத்தம் ஒரே வரி. அடுத்த வெளியீடு வரும்போது சேர்த்து அனுப்பலாம், அதுவரை பெயரை இங்கிலீஷில் அடிக்கட்டும் என்றார் திலக் சேர்.

"பிழை என்னோடது சேர். இன்னைக்கே அனுப்பணும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "உங்களோடதா? அப்ப ரிப்போர்ட்டில் உங்க பேரைப் போடுங்க."

போட்டேன். திருத்தமும் அனுப்பியாயிற்று.

ஒக். 17, வெள்ளி

வெயில். தீபாவளிக் கூட்டம், பஸாரில் நடக்க இடமில்லை. சாந்தி மிஸ்ஸுக்கு நானே அழைத்தேன்.

"இப்ப அடிச்சுப் பாருங்க மிஸ். கோகிலா வரும்."

"அந்தப் புள்ளையா? அத அன்னைக்கே பதிஞ்சாச்சே."

"எப்படி?"

"மெஷினு எடுக்க மாட்டேங்குதுன்னு சொன்னேன். மழையில எவ்வளவு நேரம்தான் நிப்பா? எந்தப் பேர எடுக்குமோ அதையே போடுங்க மிஸ்னுட்டா. கீதான்னு போட்டேன். எடுத்துருச்சு."

மாற்றிக்கொள்ளலாம், படிவம் இருக்கிறது, நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"அதுக்கு அவ பதுளைக்கு வரணும், ஒரு நாள் பேரு போயிரும், சம்பளமும் இல்ல. விடுங்க மிஸ். வீட்டுலயும் இப்ப கீதான்னுதான் கூப்புடுறாங்க."

பிழை என் கையால் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நல்லா இருங்க மிஸ், தீபாவளிக்கு ஊருக்கு வாறீங்களா?" என்று கேட்டார்.

ஆமாங்க என்றேன்.