உங்கள் இடுப்பளவுத் தண்ணீர்

என் பிரியமான அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு நல்ல பெயர் வராத இடத்தையும் மறைக்கமாட்டேன். முதலில் செய்தி: விளாங்குடி இடத்தில் வீடு கட்ட அனுமதி கிடைத்துவிட்டது! இன்று மதியம் அம்மா தன் பள்ளி அலுவலகத்திலிருந்து போனில் சொன்னாள். அழுதாள், நடுவில் சிரித்தாள். எது எதற்கு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நீங்கள் போன பிறகு அம்மா கொடுத்த முதல் மனு திரும்பி வந்துவிட்டது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்து இடம், அதனால் நீர்வளத்துறையின் சான்று வேண்டும் என்றார்கள். இந்தத் தடவையும் திரும்பினால் விட்டுவிடலாம், பழங்காநத்தத்து வாடகை வீடே போதும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நீங்கள் நமக்கென்று வாங்கிய ஒரே இடம், அப்பா. அதில் முள்செடிதான் வளரப்போகிறதா என்று எனக்குப் பயம்.

வரைபடம் போட்டுக்கொடுத்த செல்வம் அண்ணன் ஒரு வழி சொன்னார். "அக்கா, நீர்வளத்துறை மேடம் இடம் பாக்க வருவாங்க. தண்ணியே வராதுன்னு ஒரே வார்த்த சொல்லிருங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்." அம்மா என்னைப் பார்த்து, "வாயத் தொறக்காம வாரதா இருந்தா நீயும் வா" என்றாள். நான் தலையாட்டினேன்.

பொறியாளர் மேடம் தொப்பியும் அளவு டேப்புமாக வந்தார். யாரும் கூப்பிடாமலே பக்கத்து வீட்டு மாமா வந்து நின்றார். "எம்புட்டு மழ பேஞ்சாலும் இங்கன சொட்டுத் தண்ணி நிக்காது மேடம்!"

மேடம் அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "அப்புறம் எதுக்குண்ணே உங்க வாசலுக்கு இம்புட்டுப் படி?"

"அது... காத்துக்கு மேடம்."

செல்வம் அண்ணன் இருமினார். அம்மா தரையைப் பார்த்தபடி, "தண்ணி... வராதுங்க" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "வந்துச்சு மேடம். இடுப்பு வரைக்கும் வந்துச்சு."

"யார் இடுப்பு வரைக்கும்?"

"எங்க அப்பா இடுப்பு."

அந்த மழையில் நீங்கள் பேன்ட்டோடு இறங்கி, வாய்க்கால் பக்கத்து ஓரத்தில் நின்று, "எஸ்தரு, இங்கதான் உன் ரூமு!" என்று கத்தினீர்களே, அதைச் சொன்னேன். மேடம் டேப்பை இழுத்துக்கொண்டே, "அப்பாவ வரச் சொல்லும்மா. நிக்கவச்சு அளந்துருவோம்" என்றார்.

அம்மா என்னை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் முன்னால் வந்து வலது முழங்கையை மடக்கிக் காட்டினாள். "அவுக இல்லீங்க. ஆனா சர்ச்சுக்குச் சேந்து நடக்கையில இந்த முழங்கை அவுக பெல்ட்டுல இடிச்சுக்கிட்டே வரும். இத அளந்துக்கங்க." மேடம் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, தரையிலிருந்து அம்மாவின் முழங்கை வரை டேப்பைப் பிடித்தார். மூன்றடி இரண்டு அங்குலம்.

"எங்க ரெஜிஸ்டர்லயும் கிட்டத்தட்ட இதான் இருக்கு" என்றார். "வராது வராதுங்கிறவங்க மனுவெல்லாம் திரும்பத்தான் போகுது. எம்புட்டு வரும்னு தெரிஞ்சாத்தானே பேஸ்மட்டம் எம்புட்டு உசரம்னு எழுத முடியும்?"

அப்பா, இதைப் படித்து என்னை உண்மை பேசும் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உண்மைக்காக நான் பேசவில்லை. வீட்டில் யாரும் உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. உங்களைப் பற்றிச் சொல்ல ஒரு இடம் கிடைத்தது, சொல்லிவிட்டேன். அதனால் வீடே போயிருந்தால் என்ன செய்திருப்பேன்?

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இட்லி வைக்கும்போது, "அந்தத் தண்ணியில நிண்டதுக்கு அவுகளுக்கு ஒரு வாரம் காய்ச்சலு, தெரியுமாடி?" என்றாள். எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து தினமும் ஏதாவது ஒன்று சொல்கிறாள். நீங்கள் குறட்டையை ஒத்துக்கொள்ளவே மாட்டீர்களாமே?

இனி நிபந்தனைகள். தரைமட்டம் ஐந்தடி உயர வேண்டும், வாசலுக்கு எட்டுப் படி வரும். வாய்க்கால் ஓரம் பத்தடி விட வேண்டும். நீங்கள் காட்டிய என் ரூம் அதற்குள் போய்விட்டது. வருத்தம்தான். நானும் அம்மாவும் ஒரே அறை என்று புது வரைபடத்தில் இருக்கிறது. செல்வம் அண்ணன் இப்போது எல்லோரிடமும், "நாந்தான் உண்மையச் சொல்லச் சொன்னேன்" என்கிறாராம்.

பக்கத்து வீட்டு மாமா சாயங்காலமே போன் செய்தார். "அம்புட்டு இடத்தையும் சும்மாவா விடுவீக? வருசம் போகட்டும், ஒரு ஷெட்டப் போட்ருங்க." அம்மா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். நான் உங்களுக்கு வாக்குத் தருகிறேன் அப்பா. அந்தப் பத்தடியில் ஒரு செங்கல்லும் வைக்க விடமாட்டேன். தண்ணீர் வந்தால் அதன் வழியில் அது போகட்டும்.

இத்தனை மாதமாக மனுக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்த அம்மாவுக்கு இன்று எட்டரைக்கே தூக்கம் வந்துவிட்டது. "போதும் எழுதுனது" என்கிறாள். இதோ, விளக்குகளை அணைத்துவிட்டாள்.

உங்கள் மகள்,
எஸ்தர்