பத்து குதிரைக்கு ஒரு பாலிசி

நவம்பர் 18, 2024

மன்னிச்சிடு மகளே இனியா. மணி ஒன்றே கால். இந்நேரத்துக்கு விளக்கைப் போட்டு எழுதுகிறேன். நீ ஒருமுறை முகம் சுளித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். எழுதாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

கலசப்பாக்கம் வேலு அண்ணனின் குதிரை செத்துவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். காலடியில் சரவெடி கொளுத்தியிருக்கிறார்கள். மிரண்டு, கயிற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடி, ரோட்டில் லாரி. மாப்பிள்ளை இன்னும் ஏறவில்லை, அந்த மட்டும் பிழைத்தார்கள். கல்யாண வீட்டில் சொன்னது ஒரே வார்த்தையாம்: "முகூர்த்தத்துக்குள்ள இத்த எடுத்துகினு போயிடுப்பா."

எங்கள் கொட்டகையில் நான்கு. ஊர்வலத்துக்குப் பவுனு, சுல்தான். திருவிழாவில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்ற மட்டக்குதிரைகள் சிட்டு, பட்டாணி. இந்த நான்கும் நடந்தால்தான் இந்த வீடு நடக்கும்.

"நம்ம குதுரைக்கு ஒன்னும் ஆவாது, படு துர்கா" என்றார் இவர். வேலு அண்ணனும் முந்தாநாள் இப்படித்தானே சொல்லியிருப்பார்?

நவம்பர் 20

காலை முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன். இடுப்பில் இனியா, தோளில் போன்.

முதல் கம்பெனி: "ரேஸ் குதிரையா மேடம்?" இல்லை, கல்யாணக் குதிரை. அந்தப் பக்கம் சிரிப்பு. இரண்டாவது: மாட்டுக்கு மட்டும்தான். மூன்றாவது ஆள் ஒப்புக்கொண்டான். ஆனால் அவன் சொன்ன பிரீமியத்தை நான்கு உருப்படிக்கும் கட்டினால், நாங்கள் அவற்றுக்குப் போடும் கொள்ளையும் புல்லையும் சாப்பிட வேண்டியதுதான்.

பி.காம். படித்திருக்கிறேன். விடமாட்டேன்.

நவம்பர் 23

ஏஜென்ட் குமரேசன் வந்தார். தனித்தனியாகப் போட்டால் கட்டுப்படியாகாது, பத்து உருப்படி சேர்ந்தால் அவர்கள் கம்பெனியில் ஒரே கூட்டுப் பாலிசியாகப் போடலாம், பாதிக்கும் கீழே வரும் என்றார். "சொந்தக்காரங்க யாரா வேணா இருக்கலாம் சிஸ்டர். பொங்கலுக்குள்ள லிஸ்ட் குடுங்க." டாக்டர் சான்றிதழ், முகத்தின் இரண்டு பக்கமும் போட்டோ, மயிர்ச் சுழி, மச்சம், எல்லா அடையாளமும் வேண்டுமாம்.

இவருடைய அண்ணன் வீரபாகு மாமா ஏஜென்ட் போகும்வரை காத்திருந்து சொன்னார்: "இன்னாத்துக்கு நாலுக்கும் கட்டிகினு? ஒன்னுக்கு போடு. எது செத்தாலும் அதான் இதுன்னு சொல்லிக்கலாம்."

"சுல்தான் கறுப்பு, பட்டாணி என் இடுப்பு உசரம். எத எதுன்னு சொல்லுவீங்க மாமா?"

"படிச்ச பொண்ண கட்டாதடான்னு அப்பவே சொன்னேன்" என்று இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். போகட்டும். அப்படிக் கள்ளத்தனமாக ஒரு காகிதம் என் வீட்டில் வேண்டாம்.

நவம்பர் 29

எங்களுடையது நான்கு. வேலு அண்ணனிடம் மிச்சம் இரண்டு. போளூர் வீரனிடம் இரண்டு. தெள்ளாரில் பொன்னியம்மாள் அக்காவிடம் மட்டக்குதிரை இரண்டு. சரியாகப் பத்து. 'குதிரைக்காரர்கள்' என்று வாட்ஸ்அப் குரூப் தொடங்கி எல்லாம் விளக்கி எழுதினேன்.

மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. குதிரையைப் பறிகொடுத்த வேலு அண்ணன்கூட.

பணத்துக்கு யோசிக்கிறார்களா? கேட்டால் "பாக்கலாம்மா". எதைப் பார்க்க?

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது, கல்யாணம் இல்லை, இதுதான் சமயம் என்று கால்நடை டாக்டர் லாவண்யாவை வரவழைத்தேன். சுல்தான், சிட்டு, பட்டாணி முடிந்தது. கழுத்தில் அரிசி அளவு சிப் வைத்தார். வலது முன்னங்கால் வெள்ளை, கழுத்தில் சுழி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார்.

பவுனுவின் முறை வந்தபோது அதன் முகத்தில் குஞ்சம் கட்டியிருந்தது. ஊர்வலத்துக்குக் கட்டுகிற முகக் குஞ்சம். கொட்டகையில், மார்கழியில், யாருக்கு அலங்காரம்?

"அத்த அவுருங்க" என்றார் டாக்டர்.

"வேணாங்க டாக்டரம்மா. கடிக்கும்" என்றார் இவர்.

பவுனுவா கடிக்கும்? இனியா அதன் மூக்கைப் பிடித்துத்தான் நடை பழகினாள்! டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? "முகம் பாக்காம கையெழுத்து போட மாட்டேம்மா" என்று பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டிசம்பர் 18

கேட்டேன். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

பவுனுவின் இடது கண்ணுக்குக் கீழே ஒரு சுழி இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். விரலை வைத்துச் சுற்றிவிட்டதுபோல அழகாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். குதிரைக்காரர்களுக்கு அது கண்ணீர்ச் சுழியாம். ஏறுகிறவன் வீட்டில் அழுகை விழுமாம். அதனால்தான் சந்தையில் பாதி விலைக்குக் கிடைத்தது. அதனால்தான் ஆள் வந்தாலே குஞ்சம்.

"காகிதத்துல ஏறிச்சுன்னா ஊருக்கே தெரிஞ்சிடும் துர்கா. ஒரு மாப்ளயும் ஏற மாட்டான்."

"எழுதாம விட்டா? நாளைக்கு அதுக்கு ஒன்னு ஆச்சுன்னா கம்பெனிக்காரன் வந்து பாப்பான். காகிதத்துல சுழி இல்ல, குதுரைக்கு கீது. இது உன் குதுரயே இல்லன்னுவான். அப்ப இன்னா பண்ணுவ?"

ஆத்திரத்தில் நீ, வா என்று வந்துவிட்டது. வந்ததோடு இன்னொன்றும் கேட்டேன்: "நம்ம கல்யாணத்துக்கு நீ எதும்மேல ஏறி வந்த?"

தட்டைத் தள்ளிவைத்தார்.

"சொல்லு. பவுனு மேலதானே? நாலு வருசம் ஆச்சு. இன்னா ஆச்சு நமக்கு?"

"உன்ன கட்டிகினனே, அதான் ஆச்சு."

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை.

டிசம்பர் 19

குஞ்சம் இன்னும் கட்டியே இருக்கிறது.

டிசம்பர் 21

இன்று நானே அவிழ்த்தேன்.

இவர் புல் வாங்கப் போயிருந்தார். இனியாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, பவுனுவைக் கையில் பிடித்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். சந்துவழி இருக்கிறது. வேண்டுமென்றே பஜார் வழியாகப் போனேன். பட்டுக்கடை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். பயம் இல்லாமலா? இருந்தது. ஆனால் காலைத் தரையில் நன்றாக ஊன்றி நடந்தேன்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "இடது கண்ணுக்குக் கீழே சுழி, ஒன்று" என்று எழுதினார். அவ்வளவுதான். ஒரு வரி. இதற்காகவா நாலு வருஷம்?

"இந்த அடையாளம் ரொம்ப நல்லதும்மா. வேற எந்தக் குதிரையோடவும் குழம்பாது" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்க முகத்தைப் போட்டோ எடுத்து, கையெழுத்தான சான்றிதழோடு குரூப்பில் போட்டுவிட்டேன். கீழே எழுதினேன்: 'இது எங்கள் பவுனு. சுழியை மறைத்தால் பாலிசி செல்லாது. நாங்கள் மறைக்கவில்லை.'

இவரிடமும் நானே காட்டினேன். போனை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். கொட்டகைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 23

பேஜார் ஆரம்பம். தை கடைசி முகூர்த்தத்துக்குச் சொல்லியிருந்த பட்டு வியாபாரி வீட்டு ரேணுகாம்பாள் அம்மா போன் செய்தார். ஊரில் பேச இரண்டு நாள் போதுமே.

"அந்தக் குதுர வேணாம்மா. எம் புள்ள ஒரே புள்ள. வேற அனுப்பு."

"சுல்தான அனுப்பறேங்கம்மா. அதுக்குக் கழுத்துல ஒரு சுழி கீது. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

வைத்துவிட்டார். அந்த ஊர்வலம் போயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் சுல்தானாவது போயிருக்கும். தெரியும். வீரபாகு மாமா வாசலில் நின்று "போட்டாவ போட்டு கெடுத்துட்ட" என்றார். "கெட்டது கெடட்டும் மாமா, மீதியாச்சும் தேறட்டும்" என்றேன்.

டிசம்பர் 26

காலையில் குரூப்பில் ஒரு போட்டோ. வேலு அண்ணன். அவருடைய வெள்ளைக் குதிரையின் நெற்றி. மேலும் கீழுமாக இரண்டு சுழி. 'இதுவும் ஆகாததுதான்மா. இதுக்கு பயந்துகினுதான் பேசாம இருந்தேன்.'

ஒரு மணி நேரத்தில் போளூர் வீரன். ஒன்றுக்கு வயிற்றில், ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே. கூடவே குரல் பதிவு: "தங்கச்சி, ஆறு வருசமா தாடைல மைய தடவி தடவி என் வெரலே கறுத்துப் போச்சு."

அடப்பாவிகளா! பணம் இல்லை, மனம் இல்லை என்று நான் ஒரு மாதமாக என்னென்னவோ நினைத்தேன். ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு எல்லோரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு கொட்டகையில் கட்டிவைத்திருந்திருக்கிறார்கள்.

இவரிடம் போனை நீட்டினேன். வீரன் குரலை இரண்டாவது தடவை கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். எட்டு நாளாகிறது இந்தச் சிரிப்பைக் கேட்டு.

ஜனவரி 4, 2025

எட்டு உருப்படிக்குச் சான்றிதழ் தயார். பவுனு பெயரை எங்கள் விளம்பரப் பலகையில் இவரே எழுதினார், குஞ்சம் இல்லாத போட்டோவோடு. "ஏறுறவன் ஏறட்டும்" என்றார். இதுவரை யாரும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்.

ஜனவரி 6

பொன்னியம்மாள் அக்கா குரூப்பில் இன்னும் வாய் திறக்கவில்லை. குமரேசன் எட்டுக்கு முடியாது, பத்தேதான் என்கிறார். அக்காவுக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. தெள்ளார் பஸ்ஸில் வரும் தெரிந்த கண்டக்டரிடம் கடிதமாகவே கொடுத்தனுப்பினேன். நகல் இங்கே இருக்கட்டும்.

'அக்காவுக்கு வணக்கம். நான் ஆரணி துர்கா. உங்கள் மட்டக்குதிரைகளுக்கு எங்கே, என்ன சுழி இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. இங்கே எட்டுக்கும் இருக்கிறது. டாக்டரிடம் நானே உங்களோடு வருகிறேன். உங்கள் இரண்டும் சேர்ந்தால் பத்தும் பிழைக்கும். இல்லையென்றால் ஒன்றுக்கும் காப்பு இல்லை, தை பிறந்தால் மறுபடியும் கல்யாண வெடிதான். வருகிறேன், வரவில்லை, எதுவானாலும் சொல்லிவிடுங்கள் அக்கா. ஜல்தியாகப் பதில் போடுங்கள்.'