கன்னியம்மா கொல்லையில் இறங்கிய மேடு

என் உசுருக்கு உசுரான மச்சான் முனுசாமிக்கு,

சொல்வது நான், எழுதுவது உன் மகள் செல்வி. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அங்கே மழை பெய்தால் தரையெல்லாம் சிமெண்டு, தண்ணீர் போக வழி தெரியாமல் நிற்குமாம். இங்கே நிற்கவே மாட்டேங்குதே மாமா என்றாள். அதைக் கேட்டதிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் போலிருக்கிறது.

நம்ம மேய்ச்சல் மேடு ஞாபகம் இருக்கிறதா? நீ உயிரோடு இருந்தபோது புல் நடுவே மழைத்தண்ணீர் ஒரு கோடு மாதிரி இறங்கும். பேச்சை நிறுத்தாமலே தாண்டுவாய். இப்போது அது பெரிய பள்ளம், உள்ளே நின்றால் என் தலை வெளியே தெரியாது. போன வாரம் உன் கறுப்பி ஆட்டின் பேத்தி அதில் விழுந்துவிட்டது. உன் கல்யாண வேட்டியை மென்று தின்றதே அந்தக் கறுப்பி, அதே வம்சம், அதே புத்தி. தூக்கிவிட இறங்கினவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பக்கச் சுவரிலும் புல்வேர் தொங்கிக்கொண்டிருந்தது. மேடு தூக்கத்தில் மூச்சு விடுவது மாதிரி, மண் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருந்தது.

வருஷா வருஷம் மாசியில், யாருக்கும் தெரியாமல் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்போமே. அடுத்த தூறலில் தளிர் வரும், ஆடு கொழுக்கும் என்று. தளிர் தலைகாட்டிய அன்றே மேய விட்டுவிடுவோம். வேர் பிடிக்க அதற்கு நாம் நேரம் கொடுத்தோமா, மச்சான்?

நீ போன பிறகும் நான் நிறுத்தவில்லை. இந்த வருஷம் மாசியில் காய்ச்சலில் படுத்திருந்தேன். கோடையிலும் தூறல் இல்லை. ஆடுகள் இடுப்பெலும்பு தெரிய நின்றன. ஆனி கடைசியில் தீ வைத்தேன். அவ்வளவு தாமதமாக நாம் ஒருநாளும் வைத்ததில்லை. ஆடி பிறந்ததும், விழுந்த முதல் தூறலை நம்பி, மேட்டுக்குக் கீழே வானம் பார்த்த கொல்லையில் உன் பெண்டாட்டி கன்னியம்மா வேர்க்கடலை விதைத்தாள். நீ போன பிறகு என் தங்கைக்கு அந்தக் கொல்லைதான் சோறு.

தளிர் வருவதற்குள் பெருமழை வந்துவிட்டது. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். தண்ணீர் முதலில் சாம்பலை எடுத்துக்கொண்டு கறுப்பாக ஓடியது, அப்புறம் சிவப்பாக. அவசரமே இல்லாமல், மந்தை பட்டிக்குத் திரும்புவது போல, மேடு என் காலை உரசிக்கொண்டு கீழே போனது. அழகாக இருந்தது என்று சொன்னால் அடிப்பாயா?

மழை விட்டதும் கொல்லைக்குப் போனேன். விதைத்த இடமெல்லாம் சரளையும் மணலும். கன்னியம்மா ஒரு கடலையைத் தோண்டி எடுத்துக் கையில் வைத்திருந்தாள். முளை விட்டிருந்தது. தீ வைத்தது நான்தான், முன்னாடியெல்லாம் நாங்க ரெண்டு பேரும்தான் என்று சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியாதாண்ணா? வருஷா வருஷம் கை முடி கருகிக்கினு ஊட்டுக்கு வருவாரு. அடுப்புல பட்டுச்சும்பாரு. என்னிக்கு அடுப்பாண்ட வந்தாரு அவரு?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், அந்தச் சேற்றிலேயே நின்றுகொண்டு. அப்புறம் அவள் கடலையைக் கீழே போட்டாள்.

"ஆடு மேல ஏறணுமா, நான் கீழ வெதைக்கணுமா? ரெண்டும் நடக்காது. இன்னா சொல்ற?"

பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. பாதி ஆட்டை ஆர்.கே.பேட்டைக்கு ஓட்டிப்போய் விற்றேன். மீதியைக் கட்டிப்போட்டு, ஏரிக்கரையில் புல் அறுத்து வந்து போடுகிறேன். மற்ற ஆட்டுக்காரர்களிடமும் கெஞ்சினேன். மேட்டுக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டேனாம், கிண்டல். ஆனாலும் இரண்டு பேர் ஆட்டை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். செல்வியும் நானும் பள்ளத்துக்குக் குறுக்கே கல் அடுக்குகிறோம். நேற்று மழையில் முதல் அடுக்குக்குப் பின்னால் நாலு விரல் உயரம் வண்டல் தங்கியிருந்தது. செல்வி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

கன்னியம்மாவுக்கு இந்த ஆடிப் பட்டம் போனது போனதுதான். கூடை கூடையாக மணலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

மாசி வரும். புல் காயும். என் கை அரிக்கும், மச்சான், பொய் சொல்லமாட்டேன். பகலெல்லாம் மேட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். தீ வைக்க யார் வந்தாலும் திருப்பி அனுப்புவேன், என்னையும் சேர்த்து. வருகிற ஆடியில் அவள் விதைப்பாள். அது முளைத்து நாலு இலை விடுகிற வரைக்கும் மேலேயிருந்து யாருடைய ஆடும் இறங்காது, என்னால் ஆனமட்டும் மண்ணும் இறங்காது. இது அவளுக்கு நான் சொன்ன பதில். உனக்கும் அதுவே.

உன்னோடு சேர்ந்து தீ வைத்தவன்,
கன்னியம்மாவுக்கு அண்ணன்,
உன் மச்சான் ஏழுமலை