புல் என்று நினைத்த லீக்ஸ்

ஷெஃபீல்ட், ஜூலை

அன்பே,

சங்கத் தோட்டத்தில் உன் நிலத்துண்டைச் சனிக்கிழமை பார்வையிடப்போவதாகச் செயலாளர் எனிட் இன்று காலை தண்ணீர்த் தொட்டியருகே என்னிடம் உறுதியாகச் சொன்னார். களை மண்டியிருந்தால், வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்கு அது போய்விடும்.

அதனால் உடனே களையெடுத்தேன். பக்கத்துத் துண்டுக்காரர் கிளைவ் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அட மனுஷா, அது புல்லு இல்லய்யா, உன் பொண்டாட்டி போட்ட லீக்ஸ் நாத்து, வெங்காயத்தாள் ஜாதி! அவ வந்தா உன்னையும் வேரோட பிடுங்கிடுவா."

"வந்து பிடுங்கட்டும்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தன் நாற்றில் ஒரு கட்டு கொண்டுவந்து, குழிதோறும் தண்ணீர் ஊற்றி நட்டுக்கொடுத்தார். பனி கொட்டும்போதுதான் பறிக்க வருமாம். நீதான் பறிப்பாய் என்று, அவர் கேட்காமலே சொன்னேன்.

வார்டில் சாப்பிடுகிறாயா?

தோட்டத்தின் முடிவு சனிக்கிழமை தெரியும். உன் பரிசோதனை முடிவை டாக்டர் வியாழக்கிழமை சொல்வார்.

உன் கணவன்